ஒரு மரச்செதுக்கு இயந்திரமும் மூன்று பழைய கணினிகளும்: நிகழ்வு ஆய்வு

கோவைப் பக்கம் ஒரு கதவுப் பட்டறை. தேக்கிலும் வேங்கையிலும் தலைவாசல் கதவு, பூஜையறைக் கதவு, நிலை என்று செய்து கொடுக்கிறார்கள். கதவின் நடுவில் பதிக்கிற கஜலட்சுமி, தாமரை, மயில் பேனல்களைச் செதுக்க மூன்று அச்சு சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்று அங்கே இருக்கிறது. மேசை இரண்டடிக்கு மூன்றடி. மூன்று அச்சிலும் ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ, அதைத் திருப்ப அடி அடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார். கட்டரைச் சுழற்ற, தண்ணீர் ஓடிக் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் ஹார்டு டிஸ்க் ஒருநாள் காலையில் டக் டக் என்று நாலு தட்டு தட்டிவிட்டு அடங்கிவிட்டது. கட்டுப்பாட்டு மென்பொருளின் உரிமக் கோப்பும் அதோடு போயிற்று. இயந்திரத்தை விற்றவர் கடையைச் சாத்திவிட்டுப் போய் சில வருடம் ஆகிறது.

புதுக் கண்ட்ரோலர் வாங்கலாமா என்று கேட்கத்தான் பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டார். லினக்ஸ்சிஎன்சி என்கிற கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய கணினியே போதும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங் தம்பி, புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா இன்னும் வேகமா ஓடுமல்லங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது வேகமில்லை, நேரம் தவறாமை. தினமும் விடிகாலை ஆறு மணிக்குச் சைக்கிளில் வருகிற பால்காரர், இன்றைக்கு ஐந்தரை நாளைக்கு எட்டு என்று காரில் வருகிறவரைவிட மேல் இல்லையா, அதே கணக்குதான். பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் செருகும் வாய்) வழியாக கணினி ஒரு பல்ஸ் அனுப்பினால் மோட்டார் ஒரு சிறு அடி நகரும். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் போகிற அந்தப் பல்ஸ்கள் சீரான இடைவெளியில் போக வேண்டும். நடுவில் கணினி வேறு ஏதோ ஞாபகத்தில் கொஞ்சம் தாமதித்தால் மோட்டார் உறுமும், அல்லது அடி தவறும். திரையில் எதுவும் தெரியாது. மரத்தில்தான் தெரியும்.

லினக்ஸ்சிஎன்சி இதற்கென்றே வளர்ந்த மென்பொருள். அமெரிக்க அரசின் தேசிய தர தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் இஎம்சி என்ற பெயரில் தொடங்கியது. அரசுப் பணத்தில் எழுதப்பட்டதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். அதே மூன்றெழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு பெரிய நிறுவனம் ஆட்சேபம் சொன்னதால் 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது. இருந்தாலும் பழைய ஆட்கள் வாயில் இன்னும் இஎம்சிதான்.

மூன்று கணினிகள்

சோதிக்க மூன்று கிடைத்தன. முதலாவது, இறந்துபோன அதே பென்டியம் 4. புது டிஸ்க் போட்டால் எழுந்துவிடும் என்று நினைத்து மூடியைக் கழற்றினேன். செயலியைச் சுற்றி நின்ற கப்பாசிட்டர்களில் ஐந்தின் தலை உப்பியிருந்தது, ஒன்று கசிந்து பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதோடு அதை மூடிவிட்டேன்.

இரண்டாவது, பட்டறைக்காரரின் மைத்துனர் அலுவலகத்திலிருந்து வந்த கோர் 2 டியோ மேசைக்கணினி. பார்க்கப் பளிச்சென்று இருந்தது, பின்னால் பேரலல் போர்ட்டும் இருந்தது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

லினக்ஸ்சிஎன்சியோடு லேட்டன்சி டெஸ்ட் என்று ஒரு சிறு நிரல் வரும். கணினி சொன்ன நேரத்துக்கு எழுகிறதா, எவ்வளவு தாமதிக்கிறது என்று நானோவினாடிக் கணக்கில் காட்டும். அதில் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: இதுவரை நடந்ததிலேயே மோசமான தாமதம், மேக்ஸ் ஜிட்டர். 15,000இலிருந்து 20,000க்குள் இருந்தால் அருமை. 30,000 முதல் 50,000 வரை சமாளிக்கலாம், ஆனால் அச்சை ஓட்டும் வேகம் குறையும். 100,000ஐத் தாண்டினால் மென்பொருளே பல்ஸ் தயாரிக்கிற வேலைக்கு அந்தக் கணினி ஆகாது. சோதனையைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்துப் பயனில்லை. சுழலும் பல்சக்கரப் படம் காட்டும் ஜன்னல்கள் நாலைந்தைத் திறந்து வைத்து, பென்டிரைவிலிருந்து பெரிய கோப்பை நகலெடுத்து, ஜன்னல்களை இழுத்து ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். கணினிக்கு மூச்சு முட்டும்போது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

கோர் 2 டியோ முதல் ஒரு நிமிடம் 14,000இல் நின்றது. நான் டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் எண் 190,000. சரி, ஏதோ ஒரு தடவை என்று சோதனையை மறுபடி தொடங்கினேன். ஒரு நிமிடம் அமைதி, திரும்ப அதே எகிறல். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை, அலாரம் வைத்தது மாதிரி.

சீரான இடைவெளியில் வருகிற இந்த எகிறலுக்கு வழக்கமான காரணம் எஸ்எம்ஐ என்கிற குறுக்கீடு. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் நிரல், வெப்பநிலை பார்க்க, விசிறி வேகம் மாற்ற, இயங்குதளத்தையே நிறுத்திவைத்துவிட்டுச் செயலியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கடிகாரம் மட்டும் குதித்திருக்கும். சில இன்டெல் சிப்செட்டுகளில் இதை மென்பொருள் வழியாக அணைக்க வழி உண்டு. ஆனால் செயலி சூடேறினால் காப்பாற்றுகிற வேலையும் அதே குறுக்கீட்டில்தான் இருக்கலாம். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க ஓடப்போகிற கணினியில் அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. பயாஸில் மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், எகிறல் போகவில்லை. அந்தக் கணினியை முன் அறையில் வைத்து டிசைன் வேலைக்குக் கொடுத்துவிட்டோம். அதற்கு அது அருமையான கணினி.

மூன்றாவது யாரும் மதிக்காதது. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எடைக்கு வந்த, ஆட்டம் செயலி வைத்த குட்டி போர்டு. பக்கத்தில் நிற்கிற கோர் 2 டியோவுக்கு முன்னால் வேகத்தில் இது நொண்டி. ஆனால் 2010 வாக்கில் லினக்ஸ்சிஎன்சி ஆட்கள் ஆட்டம் டி510, டி525 போர்டுகளைத் தேடித்தேடி வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். 2 ஜிபி ரேம் போட்டு, தூசியும் அதிர்வும் இருக்கிற இடம் என்பதால் சுழலும் டிஸ்க்கைத் தவிர்த்து ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டினேன். பயாஸில், செயலியின் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெட்டிங்கையும் மின்சேமிப்பு நிலைகளையும் அணைத்தேன். அப்புறம் லினக்ஸ் தொடங்கும் வரியில் ஐசோல்சிபியூஸ் என்ற அமைப்பைச் சேர்த்து, இரண்டு கோர்களில் ஒன்றை நிகழ்நேர வேலைக்கு, அதாவது நேரம் தவறக் கூடாத வேலைக்கு, மட்டும் ஒதுக்கினேன். ஒரு கோர் திரை, எலி, கோப்பு எல்லாம் பார்க்கும். மற்றது பல்ஸை மட்டும் பார்க்கும்.

எந்தப் பதிப்பு?

முதலில் டெபியன் 12 என்கிற லினக்ஸ் பதிப்பு, அதன் மேல் லினக்ஸ்சிஎன்சி 2.9. டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருப்பதால் நிறுவுவது சுலபம். இது ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்கிற நிகழ்நேரக் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடும். அரை நாள் சோதனையில் மேக்ஸ் ஜிட்டர் 46,000. மோசமில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறது.

அடுத்து பழைய வழி: டெபியன் 7 வீசியில், ஆர்டிஏஐ கெர்னலோடு வந்த 2.7. ஆர்டிஏஐயில் லினக்ஸே இரண்டாம் இடம்தான். நிகழ்நேர வேலை முடிந்து மிச்ச நேரம் இருந்தால்தான் அதற்கு முறை வரும். அதே போர்டு, அதே பயாஸ், அதே சோதனை: 11,000.

இந்த இடத்தில் கணக்குப் போட வேண்டும், ஆசைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் டிரைவர் பெட்டிகளில் ஒரு சுற்றுக்கு 3,200 அடி என்று டிஐபி ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு அது மில்லிமீட்டருக்கு 640 அடி. நிமிடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் ஓட்ட வேண்டுமென்றால் வினாடிக்கு 50 மில்லிமீட்டர், அதாவது 32,000 பல்ஸ். ஒவ்வொரு 31 மைக்ரோவினாடிக்கும் ஒன்று. 46,000 நானோவினாடி, அதாவது 46 மைக்ரோவினாடி, தடுமாறுகிற அமைப்பால் இது ஆகாத காரியம்.

ஆனால் தேக்கில் பூ செதுக்க மில்லிமீட்டரில் 640இல் ஒரு பங்கு யாருக்கு வேண்டும்? டிஐபி ஸ்விட்சை 800க்கு மாற்றினேன். மில்லிமீட்டருக்கு 160 அடி, ஓர் அடி 0.00625 மில்லிமீட்டர். அதே வேகத்துக்கு வினாடிக்கு 8,000 பல்ஸ் போதும். கணினியின் சுமை நாலில் ஒரு பங்காகிவிட்டது, செலவு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். பழைய கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் கெர்னலை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். டிரைவர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற இந்தச் சின்ன ஸ்விட்சைப் பார்ப்பதில்லை.

8,000 பல்ஸ் என்றால் டெபியன் 12கூடச் செய்துவிடும். ஓட்டியும் பார்த்தேன், ஓடியது. ஆனால் வேகம் கூடக்கூட மோட்டாரில் ஒரு முனகல். தடுமாற்றத்துக்கு இடம் விட்டு அடிப்படைத் துடிப்பை (மென்பொருள் பல்ஸ் அனுப்ப எழுகிற இடைவெளியை) 50 மைக்ரோவினாடிக்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. 125 மைக்ரோவினாடிக்கு ஒரு தடவை வர வேண்டிய பல்ஸ், துடிப்பு விழுகிற இடத்தில்தான் வெளியே வர முடியும். அதனால் ஒரு பல்ஸ் கொஞ்சம் முந்தும், அடுத்தது பிந்தும். ஆர்டிஏஐயில் துடிப்பு 25 மைக்ரோவினாடி. 125க்குச் சரியாக ஐந்து துடிப்பு. முனகல் போய்விட்டது. நான் வீசியையே வைத்துக்கொண்டேன்.

இதை மறுக்கிறவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். வீசிக்கான பாதுகாப்பு ஆதரவு 2018இலேயே நின்றுவிட்டது. உண்மைதான். ஆகவே அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது, நெட்வொர்க் கேபிளே கிடையாது. கட்டர் போக வேண்டிய பாதை எழுதிய ஜி-கோடு கோப்பு பென்டிரைவில் வரும், அவ்வளவுதான். நாளைக்கு இதே பட்டறையில் இரண்டாவது இயந்திரம் வந்தால் நான் வேறு மாதிரி செய்வேன்: மெசா போன்ற எஃப்பிஜிஏ அட்டை வாங்கிவிட்டால் பல்ஸ் தயாரிக்கிற வேலையை அட்டையே பார்த்துக்கொள்ளும், கணினி வினாடிக்கு ஆயிரம் முறை எழுந்தால் போதும், புதிய டெபியன் தாராளமாகப் போதும். இந்தத் தடவை பட்ஜெட் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

போர்ட்டும் கம்பியும்

இந்தப் போர்டில் பேரலல் போர்ட் வெளியே இல்லை, பிசிஐ அட்டை ஒன்று வாங்கிச் செருகினோம். போர்டிலேயே இருக்கிற போர்ட்டுக்கு முகவரி வழக்கமாக பதினாறடிமான எண்ணில் 378. பிசிஐ அட்டைக்கு அப்படி இல்லை, செருகிய பிறகு எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, லினக்ஸ்சிஎன்சியின் ஸ்டெப்கான்ஃப் என்ற அமைப்பு நிரலில் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் சரியாக ஓடுவது மாதிரியே திரை காட்டும், மோட்டார் மட்டும் அசையாது. பேரலல் போர்ட்டில் வெளியே போக 12 கால், உள்ளே வர 5 கால். மூன்று அச்சுக்குப் பல்ஸும் திசையுமாக 6 போனால், ஸ்பிண்டில் ரிலேவுக்கு ஒன்று. உள்ளே ஹோம் ஸ்விட்ச் மூன்று.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கணினி எழுந்துவரும் அந்த அரை நிமிடத்தில் பேரலல் போர்ட்டின் கால்கள் எந்த நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ஸ்பிண்டில் ரிலே டக்கென்று விழுந்த சத்தம் கேட்டது. நல்லவேளை, அப்போது ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. இயந்திரத்தை ஓட்டுகிற பையன் அந்நேரம் கட்டரை மாற்றிக்கொண்டிருந்தால்? அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளுக்குச் சொல்வதோடு நிறுத்தாமல், டிரைவருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகிற மின்சாரத்தையே காண்டாக்டர் என்கிற மின்சுவிட்ச் வழியாகத் துண்டிக்கும்படி மாற்றினோம். இப்போது கணினி எழுந்து, திரை வந்து, ஆள் பச்சைப் பொத்தானைத் தொட்ட பிறகுதான் எதுவும் உயிர்பெறும்.

தாமரை சாய்ந்தது

முதல் வாரம் எல்லாம் நேர்க்கோட்டு வேலை. சுலோக எழுத்து, ஓரக்கட்டம், ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள் ஒரு தாமரைப் பேனல், மூன்று மணி நேர வேலை. முடிந்ததும் பையன் போன் செய்தான். "அண்ணா, பூ ஒரு பக்கமா அமுங்கிட்ட மாதிரி இருக்குண்ணா."

போய்ப் பார்த்தேன். கட்டர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் போயிருந்தது. இடது ஓரத்தில் ஆழம் சரி. வலது ஓரத்து இதழ்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் ஆழமாக விழுந்திருந்தன. நடுவில் எங்கும் படி விழவில்லை, சரிவு மாதிரி சீராக இறங்கியிருந்தது.

கட்டர் அதைப் பிடித்திருக்கும் கோலெட்டிலிருந்து நழுவி இறங்கியதா என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். மார்க்கர் கோடு போட்டு ஓட்டினேன், கோடு அசையவில்லை. கட்டரை மேலே கீழே நகர்த்தும் இசட் அச்சின் கப்ளிங் திருகுகள் இறுக்கமாக இருந்தன. ஸ்பிண்டிலின் வேகத்தை ஆளும் இன்வெர்ட்டரின் மின் இரைச்சல் கம்பியில் ஏறுகிறதோ என்று ஸ்பிண்டிலையே அணைத்துக் காற்றில் ஓட்டினேன். அப்போதும் இறங்கியது. லேட்டன்சி மேல் சந்தேகம் வந்து மறுபடி சோதித்தேன், அதே 11,000.

கடைசியில் பக்கத்து லேத் பட்டறையிலிருந்து நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று இரவல் வாங்கி மேசையில் நிறுத்தினேன். இசட் அரை மில்லிமீட்டர் மேலே கீழே, 500 தடவை. திரும்பி வந்ததும் முள் 0.20 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஆயிரம் தடவை ஓட்டினேன், 0.40. பிறகு அதே நேரம், அதே வேகம், ஆனால் திருப்பங்கள் குறைவாக, நீண்ட நீண்ட ஓட்டமாக. முள் பூஜ்யத்தில் வந்து நின்றது.

அப்படியென்றால் பிழை தூரத்தில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. எழுத்துச் செதுக்கும்போது இசட் அபூர்வமாகத்தான் திசை மாறும். தாமரை இதழில் ஏறி இறங்கும்போது ஆயிரக்கணக்கில் மாறும்.

நான் செய்த தவறு இதுதான். திசை சிக்னல் மாறிய பிறகு பல்ஸ் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று ஸ்டெப்கான்ஃப் கேட்கும். டிரைவரின் குறிப்பேட்டில் 5 மைக்ரோவினாடி என்று இருந்தது, அதையே 5,000 நானோவினாடி என்று போட்டுவிட்டேன். மென்பொருள் அதைத் தன் 25 மைக்ரோவினாடித் துடிப்புக்கு ஏற்ற மாதிரி உயர்த்திக்கொள்ளும், ஆகவே தாராளம் என்று நினைத்தேன். ஆனால் கணினிக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு மலிவான இடைப்பலகை இருக்கிறதே. அதில் பல்ஸ் வழிகளுக்கு வேகமான ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளியால் கடத்தும் சில்லு), திசை வழிகளுக்கு பிசி817 என்கிற சாதாரண ஆப்டோகப்ளரும் போட்டிருந்தார்கள். பிசி817 எரிய எடுக்கும் நேரத்தைவிட அணைய எடுக்கும் நேரம் அதிகம். மேலிருந்து கீழே திரும்பும்போது திசை சரியாகப் போய்ச் சேர்ந்தது. கீழிருந்து மேலே திரும்பும்போது, சில தடவை, பல்ஸ் முந்திக்கொண்டு போய் மோட்டாரை இன்னும் ஓர் அடி கீழேயே தள்ளிவிட்டது. மேலே போக வேண்டிய ஓரடி கீழே போனால் மொத்தப் பிழை இரண்டடி, 0.0125 மில்லிமீட்டர். ஆயிரத்தில் 32 திருப்பம் இப்படித் தவறினால் டயல் கேஜில் பார்த்த அந்த 0.40 வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தாமதித்திருந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

திசைக்கான காத்திருப்பை 100,000 நானோவினாடி ஆக்கினேன். திருப்பங்களில் மட்டும் செலவாகிற நேரம் என்பதால் வேலை நேரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஆயிரம் தடவை, முள் பூஜ்யம். இரண்டாயிரம் தடவை, முள் பூஜ்யம். பட்டறைக்காரர் வீணான தேக்குப் பலகையைத் தூக்கிப் பின்பக்கம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அதற்கடுத்த பேனலை வேப்ப மரத் துண்டில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் தேக்கைத் தொட விட்டார்.

ஏழு மாதம் கழித்து

நடுவில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழாம் மாதம், ஒரு மழை ராத்திரி மின்வெட்டுக்கு அடுத்த காலை, இயந்திரத்தைத் தொடங்கியதும் திரையில் எதிர்பாராத ரியல்டைம் தாமதம் என்று ஒரு செய்தி. லினக்ஸ்சிஎன்சி இதை ஒரு ஓட்டத்துக்கு ஒரு தடவைதான் சொல்லும். தட்டிவிட்டு மூடிவிட்டால் அப்புறம் நினைவூட்டாது. பையன் அதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான், மூடாமல் விட்டதற்கு அவனைப் பாராட்ட வேண்டும்.

லேட்டன்சி டெஸ்டில் 70,000 காட்டியது. கெர்னல் மாறவில்லை, அட்டை மாறவில்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டின் நாணய பேட்டரி செத்து, மின்சாரம் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. ஹைப்பர்த்ரெட்டிங் மறுபடி விழித்திருந்தது, மின்சேமிப்பும் அதோடு. வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, அணைக்க வேண்டியதை அணைத்தேன். 11,000க்குத் திரும்பியது.

பயாஸில் எதெது அணைந்திருக்க வேண்டும், அட்டையின் முகவரி என்ன, திசைக் காத்திருப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, மின்பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். பேட்டரி மாற்றிய தேதியைப் பையன் கீழே தன் கையால் எழுதி வைத்திருக்கிறான்.